4கே கேமுக்காக இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டு போடலாமா? தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளி ஓய்ந்து பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி தொடங்கும் சமயம், சாட்ஸ்வொர்த்தில் தெரிந்தவர் யாராவது ஒருவர் வீட்டில் புது 4கே டிவி வந்து இறங்கும். அடுத்த வாரமே கேள்வியும் வந்துவிடும்: "அண்ணா, என்கிட்ட இருக்கிற அதே கார்டு செகண்ட்ஹேண்டுல மலிவா வருது. இன்னொண்ணு வாங்கிச் சொருகினா வேகம் ரெண்டு மடங்கு ஆகுமா?"

பெரும்பாலோருக்கு என் பதில் "வேண்டாம், இருப்பதை விற்றுவிட்டு நல்ல கார்டாக ஒன்றை வாங்குங்கள்" என்பதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் அதையே சொல்லிவிட முடியாது. சிலரிடம் அதற்கேற்ற கார்டு, அதற்கேற்ற மதர்போர்டு, அதற்கேற்ற கேம் மூன்றும் இருக்கும். வேறு சிலருக்கு இரண்டாவது கார்டு தேவைப்படுவதே வேறு வேலைக்கு. அதனால் கீழே உள்ள சோதனைகளைச் செலவில்லாதது முதலில், பணம் கேட்பது கடைசியில் என்று அடுக்கியிருக்கிறேன். எந்தப் படியில் "இல்லை" என்று விடை வருகிறதோ அங்கேயே நின்றுவிடலாம். மீதியைப் படித்துப் பார்க்கக்கூட வேண்டியதில்லை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது

இரண்டு கார்டைச் சேர்த்து ஓட்டும் யோசனை பழசு. 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ2 கார்டுகளை எஸ்எல்ஐ என்ற பெயரில் இணைத்துக் காட்டியது. அந்த நிறுவனம் நொடித்தபோது அதன் தொழில்நுட்பத்தை வாங்கிய என்விடியா, 2004-இல் அதே மூன்றெழுத்தை வைத்துத் தன் சொந்த முறையைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஏடிஐ (இன்றைய ஏஎம்டி) கிராஸ்ஃபயர் என்ற தன் முறையோடு வந்தது. அதன்பின் ஏறக்குறைய பத்து வருடம் இரண்டு கார்டு வைத்திருப்பது ஒரு கெத்து. யூடியூபில் இன்றும் சுற்றும் பழைய வீடியோக்களில் பார்க்கிற வேகமெல்லாம் அந்தக் காலத்து கேம்களில் அளந்தவை. அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் இன்று பர்ஸைத் திறக்கிறார்கள்.

படி 1: இப்போது உங்களை இழுத்துப் பிடிப்பது எது?

முதலில் சுமையைப் புரிந்துகொள்ளுங்கள். 1080பி திரையில் ஒரு பிரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒரு படத்துக்கு, சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம். 1080பி-யில் சுகமாக ஓடிய கார்டுக்கு 4கே டிவியை மாட்டியதும் நாலு மடங்கு புள்ளிகளை வரையச் சொல்கிறீர்கள். திணறத்தான் செய்யும்.

ஆனாலும் திணறுவது கார்டுதானா என்று உறுதி செய்யுங்கள். கார்டைக் கண்காணிக்கும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருள் இலவசம், எண்களைத் திரையில் காட்டும் ரிவாட்யூனரும் அதோடு வரும். திரையின் மூலையில் ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு, விஆர்ஏஎம் (கார்டின் நினைவகம்) அளவு, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்), பிரேம்டைம் (ஒரு பிரேமுக்கு ஆகும் நேரம்) நான்கையும் காட்டும்படி வைத்துக்கொண்டு, நீங்கள் வழக்கமாக ஆடும் கேமில் ஒரு கால்மணி நேரம் ஆடுங்கள்.

ஜிபியு பயன்பாடு 97, 98 என்றே நின்றால் கார்டுதான் தடை. 60, 70-இல் ஊசலாடினால் ப்ராசஸரோ ரேமோ பின்தங்குகிறது, இல்லை எங்காவது எஃப்பிஎஸ் வரம்பு போட்டிருக்கிறீர்கள். சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 1080பி-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் அசையாமல் அதே இடத்தில் நின்றால் ப்ராசஸர்தான் முட்டுக்கட்டை, எத்தனை கார்டு சொருகினாலும் பயனில்லை.

அடுத்து விஆர்ஏஎம். 8 ஜிபி கார்டில் 7.8 என்று நிறைந்து, அதே நேரம் பிரேம்டைம் கோடு திடீர் திடீரெனக் குத்தி எழுந்தால், பிரச்சினை வேகத்தில் இல்லை, நினைவகத்தில். இந்த ஒரு விஷயத்தை இப்போதே மனதில் வையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

டிவியையும் ஒருதரம் பாருங்கள். டிவியின் பேனலே 60 ஹெர்ட்ஸ்தான் என்றாலோ, கார்டிலோ டிவியிலோ எச்டிஎம்ஐ 2.0 மட்டும்தான் என்றாலோ, 4கே-யில் 60-க்கு மேல் உங்கள் கண்ணுக்குக் கிடைக்கப்போவதில்லை. 50 எஃப்பிஎஸ் வரும் ஒருவர் 60-க்காக இரண்டாவது கார்டு வாங்குவது அநியாயம். நிழல், வால்யூமெட்ரிக் மூட்டம் இரண்டையும் ஒரு படி இறக்கினாலே போதும்.

அதோடு எஃப்எஸ்ஆர், டிஎல்எஸ்எஸ் போன்ற அப்ஸ்கேலிங்கையும் முயன்று பாருங்கள். 4கே-யில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி என்றால் கேம் உள்ளே 1440பி-யில் வரைந்து, பிறகு பெரிதாக்குகிறது. டிஎல்எஸ்எஸ்-க்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டு வேண்டும். எஃப்எஸ்ஆர் 2 என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ், ஏஎம்டியின் பழைய ஆர்எக்ஸ் கார்டுகளிலும் ஓடும். சோபாவில் உட்கார்ந்து எட்டடி தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம். சிலருடைய தேடல் இந்த இடத்திலேயே, ஒரு ரேண்ட் செலவில்லாமல் முடிந்துவிடும்.

படி 2: உங்கள் கேம் இரண்டாவது கார்டைக் கண்டுகொள்ளுமா?

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான், அதிகம் பேர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

இரண்டு கார்டும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமான முறை இதுதான்: முதல் பிரேமை ஒரு கார்டு, இரண்டாவதை மற்றது, மூன்றாவதை மறுபடி முதல் கார்டு. ஏஎஃப்ஆர் என்பார்கள். ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாக நின்ற காலத்தில் இது அழகாக வேலை செய்தது. இன்றைய கேம்கள் அப்படியில்லை. விளிம்புகளை மென்மையாக்கும் டிஏஏ, நிழல், பிரதிபலிப்பு, அப்ஸ்கேலிங் எல்லாமே முந்தைய பிரேமின் தகவலை எடுத்துத்தான் அடுத்ததை வரைகின்றன. முந்தைய பிரேம் பக்கத்துக் கார்டின் நினைவகத்தில் அல்லவா இருக்கிறது? ஒவ்வொரு முறையும் அதை இங்கே நகலெடுத்து வர வேண்டும். அந்தக் காத்திருப்பிலேயே லாபம் கரைந்துபோகும்.

நினைவகமும் கூடுவதில்லை. ஒரே டெக்ஸ்சர், ஒரே மாடல் எல்லாம் இரண்டு கார்டிலும் தனித்தனிப் பிரதியாக இருந்தாக வேண்டும். 8 ஜிபி கார்டு இரண்டு போட்டால் கேமுக்குக் கிடைப்பது 8 ஜிபிதான், 16 அல்ல. 4கே-யில் முதலில் நிறைவது நினைவகம். அதற்கு மருந்து தேடி இரண்டாவது கார்டு வாங்குகிறவருக்கு நோய் அப்படியே இருக்கும். படி 1-இல் விஆர்ஏஎம் நிறைந்ததாகக் கண்டிருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மைக்ரோஸ்டட்டர். ஒரு கார்டுக்கு ஒரு பிரேமுக்கு 33 மில்லிவினாடி ஆகிறது, அதாவது 30 எஃப்பிஎஸ் என்று வையுங்கள். இரண்டு கார்டு சேர்ந்தால் 16.7-க்கு ஒன்றாக, 60 எஃப்பிஎஸ் வர வேண்டும். ஆனால் இரண்டும் சீராக மாறி மாறி வராமல், ஒன்று வந்து 5 மில்லிவினாடியில் அடுத்தது, அதற்கடுத்தது 28 மில்லிவினாடி கழித்து என்று வந்தால்? கணக்குக்கு 60. கண்ணுக்கு 36 போலத் தெரியும். பீனிக்ஸில் ஒரு தம்பி வீட்டில் இரண்டு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ பூட்டிய கணினியைப் பார்த்தேன். மூலையில் 70-க்கு மேல் எண் நிற்கிறது, பிரேம்டைம் கோடோ மரம் அறுக்கும் ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் போகிறது. கேமராவை மெல்லத் திருப்பினால் சுவர் நடுங்குகிறது. எஸ்எல்ஐ-யை அணைத்ததும் எண் 48-க்கு இறங்கியது. ஆனால் அதுதான் ஆட நன்றாக இருந்தது. அந்தத் தம்பிக்கும் அது தெரிந்தது, ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

பொத்தானை அழுத்தியதும் எதிர்வினை வரும் நேரமும் குறையாது. ஒவ்வொரு பிரேமையும் வரைய அதே 33 மில்லிவினாடி ஆகிறதே. எண் ஏறும், கை உணர்வு ஏறாது.

இதற்கெல்லாம் மேலாக, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் ஆதரவே போய்விட்டது. ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் அதற்கு முந்தைய கார்டுகளுக்கும் 2021 ஜனவரி 1 முதல் புதிய எஸ்எல்ஐ ப்ரொஃபைல்கள் (ஒரு கேமில் இரண்டு கார்டையும் எப்படி ஓட்டுவது என்று டிரைவருக்குச் சொல்லும் அமைப்புகள்) எதுவும் சேர்ப்பதில்லை என்று என்விடியா அறிவித்தது. அதற்குப் பிறகு, கேமை எழுதியவர்களே, கேம் கார்டோடு பேசும் இடைமுகங்களான டைரக்ட்எக்ஸ் 12 அல்லது வல்கன் வழியாக இரண்டு கார்டுக்கும் குறியீடு எழுதியிருந்தால்தான் உண்டு. அப்படி எழுதியவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான்: ஷேடோ ஆஃப் த டோம்ப் ரைடர், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இன் வல்கன் வழி, ஸ்னைப்பர் எலீட் 4, ஸ்ட்ரேஞ்ச் பிரிகேட், ஆஷஸ் ஆஃப் த சிங்குலாரிட்டி, இன்னும் சில. 2020 இறுதியில் வந்த சைபர்பங்க் 2077-இல் இல்லை. அதற்குப் பின் வந்த பெரிய கேம்களிலும் எதிர்பார்க்காதீர்கள்.

எனவே ஒரு தாளை எடுங்கள். கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் உண்மையிலேயே ஆடியவை, அடுத்த ஆண்டில் ஆடப்போகிறவை இரண்டையும் எழுதுங்கள். "ஒருநாள் ஆடுவேன்" என்று ஸ்டீமில் வாங்கிப் போட்டவற்றை எழுத வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நேரே, இரண்டு கார்டு ஆதரவு உண்டா என்று தேடிக் குறியுங்கள். பாதிக்கும் குறைவான கேம்களில் மட்டும் "உண்டு" என்று வந்தால், பணத்தை வேறு வழியில் செலவிடுங்கள். ஃபிஃபா, கால் ஆஃப் டியூட்டி, ஃபோர்ட்நைட் மட்டுமே ஆடுகிற வீட்டுக்கு இந்தத் தாளே தேவையில்லை.

படி 3: உங்கள் கார்டு இணைய ஒத்துக்கொள்ளுமா?

என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 1070, 1080, 1080 டிஐ இணையும், 1060 இணையாது. ஆர்டிஎக்ஸ் 20-இல் 2070 சூப்பர், 2080, 2080 சூப்பர், 2080 டிஐ இணையும், சாதாரண 2070-உம் 2060-உம் இணையாது. 30 வரிசையில் 3090, 3090 டிஐ மட்டும். 40, 50 வரிசைகளில் எதுவுமே இல்லை. விலை அதிகமான 4090-இலும் 5090-இலும்கூட அந்த இணைப்பு முனையே கிடையாது. அதாவது 3060, 4060, 4070 வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி முதலிலேயே அடைபட்டது.

ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 480, 580 வகையறா கிராஸ்ஃபயருக்கு இசையும், இரண்டு கார்டையும் இணைக்கும் தனிப் பாலமும் தேவையில்லை. 2019-இல் வந்த ஆர்எக்ஸ் 5700-இலிருந்து அந்தக் கதை முடிந்துவிட்டது.

என்விடியா இணைப்புக்கு இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். 1080-ஐயும் 1080 டிஐ-யையும் சேர்க்க முடியாது. பாலம் தனியாக வாங்க வேண்டும். பழைய எஸ்எல்ஐ பாலமும் ஆர்டிஎக்ஸ்-க்கான என்விலிங்க் பாலமும் வேறு வேறு. இரண்டு கார்டுக்கும் நடுவில் உள்ள ஸ்லாட் இடைவெளியை அளந்த பிறகுதான் பாலத்தைத் தேடவும். இங்கே பாலம் தனியாக விற்பனைக்கு வருவது அரிது, கார்டோடு சேர்த்துத் தருகிற ஆளாகப் பாருங்கள்.

படி 4: மதர்போர்டு

இரண்டு நீள ஸ்லாட் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சாதாரண ப்ராசஸர்கள் கிராஃபிக்ஸுக்கு 16 பிசிஐஇ லேன் (கார்டுக்குத் தகவல் போய்வரும் பாதை) தருகின்றன. அதை எட்டும் எட்டுமாகப் பிரிக்கும் போர்டு வேண்டும். மலிவான போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லாட் உள்ளுக்குள் நாலு லேன்தான், அதுவும் சிப்செட் வழியாக. நாலு லேனில் எஸ்எல்ஐ ஓடாது. கையேட்டில் விரிவாக்க ஸ்லாட் பகுதியில் "x8/x8" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போர்டையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவு சேர்ந்ததும் யோசனையே அடிபட்டுப்போகும்.

படி 5: மின்சாரம்

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கணக்கை இரண்டு தரம் போட வேண்டும். ஒன்று பவர் சப்ளைக்கு, இன்னொன்று இன்வெர்ட்டருக்கு.

முதல் கணக்கு எளிது. ஜிடிஎக்ஸ் 1080 டிஐ ஒன்று 250 வாட். இரண்டு என்றால் 500. ப்ராசஸருக்கு 130, போர்டு, டிஸ்க், விசிறிகளுக்கு 60. மொத்தம் 690. மேலே கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டுமே, அதனால் 850 வாட்டுக்குக் குறையாத நல்ல பவர் சப்ளை, முடிந்தால் 1000. ஆர்டிஎக்ஸ் 3090 ஒன்றே 350 வாட், நொடிப்பொழுதில் அதைத் தாண்டிப் பாயும் குணமும் உண்டு. இரண்டு போட்டால் 850 கனவிலும் போதாது. இப்போது இருப்பது 650 என்றால் புதிய பவர் சப்ளையின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 8-பின் முனைக்கும் பவர் சப்ளையிலிருந்து தனி கேபிள் கொடுங்கள். ஒரே கேபிளின் வாலில் தொங்கும் இரண்டாவது முனையை வைத்துச் சமாளிக்காதீர்கள்.

இரண்டாவது கணக்கில்தான் பலர் விழுகிறார்கள். 2023-இன் மின்வெட்டை யாரும் மறக்கவில்லை. அப்போது வாங்கிய இன்வெர்ட்டர் டிராலி இன்னும் எத்தனையோ வீடுகளில் டிவி, வைஃபை ரவுட்டர், கணினி மூன்றையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. 2024 மார்ச் கடைசியிலிருந்து நீண்ட காலம் லோட் ஷெடிங் இல்லாமல் போனாலும், 2025-இல் அவ்வப்போது எட்டிப் பார்த்தது. கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு வேறு இருக்கவே இருக்கிறது.

அந்த டிராலியின் பெட்டியில் 1200 விஏ என்று பெரிதாகப் போட்டிருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் 720 வாட் என்று இருக்கும். நமக்கு வேண்டியது அந்தச் சின்ன எழுத்து. ஒரு கார்டுள்ள கணினி 440 வாட், டிவி 120 என்றால் சமாளிக்கும். இரண்டு கார்டு வந்ததும் 690-உம் 120-உம் சேர்ந்து 810. ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் கத்திவிட்டு மொத்தமாக அணையும். சேவ் செய்ய நேரமிருக்காது. மலிவான யுபிஎஸ்களில் இன்னொரு சிக்கல்: அவை தருவது சுத்தமான சைன் அலை அல்ல. நல்ல பவர் சப்ளைகள் பல அதை ஏற்காமல் அணைந்துவிடும். 'ப்யூர் சைன் வேவ்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாதச் செலவு? கூடுதல் 250 வாட், தினம் மூன்று மணி நேரம், முப்பது நாள் என்றால் 22.5 யூனிட். யூனிட் 3 ரேண்ட் என்று வைத்தால் 70 ரேண்டுக்குள். மீட்டரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இன்வெர்ட்டரைப் பற்றிக் கவலைப்படுங்கள். எல்லாவற்றையும் ஒரே பழைய மல்டிபிளக்கில் சொருகி, அதையும் இன்னொரு மல்டிபிளக்கில் சொருகுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

படி 6: சூடு

இரண்டு கார்டும் நெருங்கி உட்கார்ந்தால், கீழே உள்ளது விடும் சூட்டை மேலே உள்ளது உறிஞ்சும். பீனிக்ஸில் பார்த்த அதே கணினியில் கீழ்க் கார்டு 71 டிகிரியில் இருக்க, மேல் கார்டு 84-ஐத் தொட்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. வாங்கிய வேகத்தில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. குறைந்தது ஒரு ஸ்லாட் இடைவெளி, முன்பக்கம் இரண்டு மூன்று விசிறி, சூட்டைப் பின்பக்கம் வெளியே தள்ளும் ப்ளோயர் வகைக் கார்டு என்றால் நிலைமை தேவலை. ப்ளோயரின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டர்பனின் பிப்ரவரியில் அறைக்குள் கூடுதலாக 250 வாட் சூட்டை விடுவது என்ன என்று சொல்லத் தேவையில்லை. கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புக்காற்றின் தொல்லையும் உண்டு. ஜன்னலோரம் பெட்டியை வைத்தால் திருகுகளும் ஹீட்சிங்க் ஓரங்களும் துருவேறும். ஜோகன்னஸ்பர்க்காரர்களுக்கு வேறு கணக்கு. அங்கே உயரம் சுமார் 1750 மீட்டர். காற்று மெலிந்திருப்பதால் அதே வேகத்தில் சுற்றும் விசிறி குறைந்த காற்றைத்தான் தள்ளும். ஜூலைக் குளிரில் மட்டும் இரட்டைக் கார்டு வைத்திருப்பவரைப் பார்த்துப் பொறாமைப்படலாம்.

படி 7: பணம்

இரண்டாவது கார்டின் விலையை மட்டும் எழுதாதீர்கள். அதோடு பாலம், பவர் சப்ளை, விசிறிகள், தேவைப்பட்டால் மதர்போர்டு என்று எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதிக் கூட்டுங்கள். எதிர்ப்பக்கம் புதிய ஒற்றைக் கார்டின் விலை, அதிலிருந்து பழைய கார்டை விற்றால் வருவதைக் கழியுங்கள். கடை விலையில் 15 சதவீத வாட் (VAT) வரி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு தொகைக்கும் நடுவே உள்ள வித்தியாசம் நீங்கள் நினைத்ததைவிடச் சிறிதாக இருக்கும்.

செயல்திறனையும் ஒப்பிடுவோம். 16 ஜிபி நினைவகமும் 300 வாட்டும் உள்ள ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ ஒன்று, 4கே-யில் இரண்டு 1080 டிஐ முழுசாக இரண்டு மடங்கு தந்தாலும் அவற்றை முந்தும். எல்லா கேமிலும் முந்தும் என்பதுதான் விசேஷம். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி-யும் ஏறக்குறைய அதே தரம், அதே 16 ஜிபி. அவ்வளவு போக முடியாதவர்கள் செகண்ட்ஹேண்டில் ஒரு படி மேலான ஒற்றைக் கார்டைத் தேடலாம்.

செகண்ட்ஹேண்ட் என்றால் கவனம். கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓட்டி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங் 2022 செப்டம்பரில் நின்றதும் சந்தைக்கு வந்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் இருந்ததாலேயே கெட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் விசிறியும் தெர்மல் பேடும் களைத்திருக்கும். மால் பார்க்கிங்கில் பெட்டியைக் கைமாற்றிக்கொண்டு வருவதில் சோதனைக்கு வழியே இல்லை. விற்பவரையும் கூட்டிக்கொண்டு பழக்கமான கம்ப்யூட்டர் கடைக்குப் போங்கள், கொஞ்சம் கட்டணம் கொடுத்து அரைமணி நேரம் சுமையேற்றிப் பாருங்கள். திரையில் புள்ளி புள்ளியாகப் பளிச்சிடுகிறதா, விசிறி உறுமுகிறதா, கருகிய வாடை வருகிறதா என்று கவனியுங்கள்.

சட்டப் பாதுகாப்பிலும் வித்தியாசம் உண்டு. கடையில் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுது, மாற்று, பணம் திரும்ப என மூன்றில் ஒன்றைக் கேட்கலாம். இணையக் கடையில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பும் உரிமையும் உண்டு. திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. தனி ஆளிடம் வாங்கினால் இவை எதுவும் கைகொடுக்காது. சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் சொந்தக்காரரிடம் சொல்லி வாங்குவதும் நம் வழக்கம்தான். வாரண்டி இங்கே செல்லுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறு வேலைக்கு இரண்டாவது கார்டு

இங்கே என் பதில் மாறுகிறது.

லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற சிறிய மென்பொருள் ஸ்டீமில் கிடைக்கிறது. பெரிய கார்டு கேமை வரையும், சிறிய கார்டு இடைப்பட்ட பிரேம்களை உருவாக்கித் திரைக்கு அனுப்பும். இதற்குப் பாலம் வேண்டாம், ஒரே மாடல் வேண்டாம், ஒன்று என்விடியா மற்றது ஏஎம்டி என்றாலும் ஓடும். டிவியின் கேபிளை இரண்டாவது கார்டில் மாட்ட வேண்டும், விண்டோஸ் 11-இன் கிராஃபிக்ஸ் அமைப்பில் கேமுக்கு முதல் கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய கார்டுக்கு இது நல்ல உபயோகம். குறைகளும் சொல்லிவிடுகிறேன்: எதிர்வினை நேரம் கொஞ்சம் கூடும், திரை ஓரத்து எழுத்துகளைச் சுற்றி நெளிவு தெரியும், இரண்டாவது ஸ்லாட் பழைய நாலு லேன் என்றால் 4கே-யில் மூச்சு முட்டும். ஏற்கெனவே 50, 60 எஃப்பிஎஸ் வருகிறவர்களுக்குத்தான் இது. 25 வருகிற இடத்தில் போட்டால் கஞ்சிக்குள் நீந்துகிற மாதிரி இருக்கும்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை செய்கிறவருக்கு, அதில் படத்தை வரைந்து முடிக்கும் சைக்கிள்ஸ் ரெண்டரர் இரண்டு கார்டையும் எந்த இணைப்புமில்லாமல் பயன்படுத்தும். வீட்டில் ஏஐ மொழி மாதிரிகளை ஓட்டிப் பார்ப்பவருக்கோ நினைவகம் உண்மையிலேயே கூடும். மாதிரியின் அடுக்குகளை இரண்டு கார்டிலும் பிரித்து வைக்கலாம் என்பதால், 8 ஜிபி கார்டு இரண்டு போட்டால் கேமில் கிடைக்காத 16 ஜிபி அங்கே கிடைக்கும். பகலில் அந்த வேலை, இரவில் கேம் என்றால் இரண்டாவது கார்டுக்கு நியாயம் இருக்கிறது. கேமை மட்டும் ஒரே கார்டில் ஓட்டுங்கள்.

எல்லாவற்றையும் தாண்டி, போட்டே தீருவது என்றால்

சிலரிடம் ஏற்கெனவே ஒரு 1080 டிஐ, எட்டும் எட்டும் பிரிக்கும் போர்டு, 1000 வாட் பவர் சப்ளை இருக்கும். ஆடுவதும் 2018-க்கு முந்தைய கேம்களாக இருக்கும். நண்பர் ஒருவர் தன் கார்டைச் சும்மா விலைக்குத் தருவார். சரி, அவர்கள் போடலாம்.

புதிதாக வந்த கார்டை முதலில் தனியாக மாட்டி ஒரு நாள் ஓட்டுங்கள். இரண்டையும் சேர்த்த பிறகு கோளாறு வந்தால் எது காரணம் என்று கண்டுபிடிப்பது பெரிய பாடு. இரண்டின் தனித்தனி வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள், அதிகம் சூடாகிறதைக் கீழே வையுங்கள். பிறகு டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளைக் கொண்டு பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்குங்கள். கணினியை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கை எடுத்து, இன்வெர்ட்டரையும் அணைத்த பின் கார்டைச் சொருகிப் பாலத்தை மாட்டுங்கள். டிவி கேபிள் மேல் கார்டில் இருக்கட்டும். டிரைவரை நிறுவியதும் என்விடியா கண்ட்ரோல் பேனலில் எஸ்எல்ஐ அமைக்கும் பக்கத்துக்குப் போய், 3டி செயல்திறனை உச்சமாக்கும் தேர்வை அழுத்துங்கள். திரை ஒருமுறை கறுத்துத் திரும்பும், பயப்பட வேண்டாம்.

அப்புறம் அளந்து பாருங்கள். ஒரே கேம், ஒரே இடம், ஒரே அமைப்பு. எஸ்எல்ஐ அணைத்து ஒருமுறை, போட்டு ஒருமுறை. சராசரி எஃப்பிஎஸ்-ஐப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், மோசமான ஒரு சதவீத பிரேம்களின் எஃப்பிஎஸ்-ஐயும் பிரேம்டைம் கோட்டையும் பாருங்கள். சராசரி ஏறி அந்த ஒரு சதவீதம் இறங்கினால் கேமுக்கு கேம் எஸ்எல்ஐ-யை அணைத்து வைக்க ப்ரொஃபைலிலேயே வழி இருக்கிறது. உங்கள் தாளில் உள்ள கேம்களில் பாதிக்கு மேல் அப்படி அணைக்க வேண்டி வந்தால், பாலத்தைக் கழற்றிவிட்டு இரண்டு கார்டையும் ஒன்றாக விளம்பரம் போடுங்கள். பாலத்தோடு சேர்ந்த ஜோடியைத் தேடுகிற ஆள் இன்னும் இருக்கிறார்கள்.